புழக்கடைக் குளத்தில் தங்க மீன்: ஒரு சிறு தொழிலின் பொருளியல்

நம் நாட்டில் மீன் என்றவுடன் உணவே நினைவுக்கு வருகிறது. மீன்வளர்ப்பில் உலகில் இரண்டாம் இடம் வகிக்கும் இந்தியாவின் திட்ட அறிக்கைகளில் டன் கணக்கில் எடையிடப்படும் மீன்களே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால், எடையால் அன்றி எண்ணிக்கையாலும் தோற்றத்தாலும் விலை பெறும் மீன்களும் உண்டு. அவற்றை அலங்கார மீன்கள் என்கிறோம். உலக அலங்கார மீன் வாணிகத்தில் இந்தியாவின் பங்கு இன்னும் மிகச் சிறியது. எனினும், உள்நாட்டுச் சந்தை விரிவடைந்து வருகிறது. சிறு நிலமும் குறைந்த முதலும் உடைய குடும்பங்களுக்கு, குறிப்பாக வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று வேலை செய்ய இயலாத பெண்களுக்கு, இத்தொழில் துணை வருவாய் அளிக்கும் என்பது திட்டமிடுவோரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எந்த நிபந்தனைகளின்கீழ் உண்மையாகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அலங்கார மீன்களுள் பலரும் அறிந்த தங்க மீனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் மீனின் இயல்பையும் வளர்ப்பு முறையையும் பார்த்துவிட்டு, பின்னர் வரவு செலவுக் கணக்குக்கு வருவோம். மீனை அறியாமல் கணக்குப் போடுவதும், கணக்கை அறியாமல் மீன் வளர்ப்பதும் ஒரே வகை இழப்பில்தான் முடிகின்றன.

மீனின் வரலாறு

தங்க மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் சீனா. மங்கிய நிறமுடைய காட்டு மீனில் அரிதாகத் தோன்றிய பொன்னிற மீன்களைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் குளங்களில் பேணினர். பின்னர் அது ஜப்பானுக்கும், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது. இன்று நாம் காணும் ஒராண்டா, கருமூர், சுபுன்கின், காமெட் முதலிய வகைகள் யாவும் ஒரே இனத்தின் பிரிவுகளே. தலைமுறை தலைமுறையாக மனிதன் செய்த தேர்வே இவ்வேறுபாடுகளுக்குக் காரணம்.

இவ்வரலாற்றில் தொழிலுக்குத் தேவையான பாடம் ஒன்று அடங்கியுள்ளது. அழகிய பெற்றோருக்குப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் அழகியனவாக இருப்பதில்லை. இரட்டை வால் மீன்களின் குஞ்சுகளில் ஒற்றை வாலுடையனவும், முதுகு வளைந்தனவும், நிறம் மாறாதனவும் கணிசமாகத் தோன்றும். ஆகவே தங்க மீன் வளர்ப்பில் பெருக்குதல் பாதி வேலை, கழித்தல் மறுபாதி.

ஹௌராவின் புழக்கடைகள்

இந்தியாவில் அலங்கார மீன் உற்பத்தி வேரூன்றிய பகுதிகளுள் மேற்கு வங்கம் முதன்மையானது. ஹௌரா, வடக்கு 24 பர்கனா, தெற்கு 24 பர்கனா ஆகிய மாவட்டங்களில் பல குடும்பங்கள் வீட்டை ஒட்டிய சிறு குளங்களிலும், சிமெண்டுத் தொட்டிகளிலும், மண் தாழிகளிலும் மீன் வளர்க்கின்றன. வங்காளத்துக் கிராம வீடுகள் பலவற்றில் புழக்கடைக் குளம் வீட்டின் ஓர் உறுப்பு. வீடு எழுப்ப மண் எடுத்த பள்ளமே மழைநீர் நிறைந்து குளமாகிவிடுகிறது. அதற்கெனத் தனியே நிலம் தேட வேண்டியதில்லை.

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை இத்தொழிலின் நாடித்துடிப்பு. அருகிலுள்ள விமான நிலையம் வழியாக அலங்கார மீன்கள் பிற மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. பட்டறிவுள்ள வளர்ப்போர், உயிர் உணவு கொண்டுவந்து விற்போர், மீன் வாங்கும் வணிகர், பிராணவாயு நிரப்பி அனுப்புவோர் ஆகிய அனைவரும் ஒரே வட்டாரத்தில் இருப்பதே இப்பகுதியின் வலிமை. பொருளியல் மாணவர்கள் இதனைத் தொழில் செறிவு எனப் படித்திருப்பர். இச்செறிவு இல்லாத ஒரு மாவட்டத்தில் தொட்டிகளை மட்டும் கட்டிக் கொடுத்தால் ஹௌரா அங்கே உருவாகிவிடாது.

குளமும் நீரும்

ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 24 கன மீட்டர் நீர் இருக்கும். ஏற்கெனவே நீருள்ள குளமாயின், குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி போன்ற மீன்கள் அதில் இருக்கக்கூடும். நீரை முழுவதும் இறைத்து உலர்த்துவதே சிறந்த வழி. அது இயலாதபோது, கன மீட்டருக்கு 250 கிராம் வீதம் ஆறு கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுவர். இதன் நச்சுத்தன்மை நீங்க இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஆகும். அதன்பின் அதுவே குளத்துக்கு எருவாகிறது. இறைத்து உலர்த்திய குளத்தின் தரையில் சுண்ணாம்பு தூவி, சாணம் இட்டு நீர் நிரப்பினால், சில நாள்களில் நீர் இளம்பச்சை நிறமடையும். கண்ணுக்குப் புலப்படாத பாசிகளும், அவற்றை உண்ணும் நீர்த்தெள்ளு போன்ற நுண் விலங்குகளும் பெருகியிருப்பதன் அடையாளம் அது.

தங்க மீன் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. நீர் வெப்பமடையும்போது மீனின் பிராணவாயுத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. ஆகவே வங்காளத்துக் கோடையில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியன்று, மூச்சுத் திணறல். அந்நேரத்தில் உணவிடுவது தவறு. புதிய நீர் விடுவதும், நீரைக் கலக்கிக் காற்றேற்றுவதுமே தேவை. குளத்தின் ஒரு பகுதிக்கு நிழல் அமைப்பது நல்லது.

தொட்டிகளில் வேறொரு தொல்லை உண்டு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகின்றன. தொட்டி கட்டி முடித்த மறுநாளே மீன் விட்டு, அடுத்த வாரத்தில் அத்தனையும் இறந்ததைக் கண்டு தொழிலையே கைவிட்டோர் பலர். புதுச் சிமெண்டுத் தொட்டியின் காரத்தன்மையும் மீனைக் கொல்லும். பலமுறை நீர் நிரப்பி வடித்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால், திறந்த தொட்டியில் ஓரிரு நாள்கள் வைத்திருந்து பயன்படுத்துதல் நன்று.

முட்டையிடுதல்

தங்க மீன் ஏறத்தாழ ஓராண்டில் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறுகிறது. பருவம் வந்த ஆண் மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். சிலர் இதனை நோயெனக் கருதி மருந்திடுவதுண்டு. பெண் மீனின் வயிறு பருத்து மென்மையாக இருக்கும்.

குளிர் தணிந்து நீர் மெல்ல வெப்பமடையும் மாசி, பங்குனி மாதங்கள் முட்டையிடுதலுக்கு மிக ஏற்றவை. நீரின் வெப்பம் 20 முதல் 24 பாகைக்குள் இருத்தல் விரும்பத்தக்கது. நிழலும் நீர் மாற்றமும் இருந்தால் பிற மாதங்களிலும் முட்டையிடச் செய்யலாம். கோடையின் உச்சத்தில் அது கடினம். ஒரு பெண் மீனுக்கு இரண்டு ஆண் மீன்கள் என்ற அளவில், ஆழம் குறைந்த தொட்டியில் மாலையில் விடுவர். முட்டைகள் ஒட்டும் தன்மை உடையவை. ஆதலால் வேலம்பாசியையோ, ஆகாயத் தாமரையின் வேர்க் கற்றையையோ, நன்கு கழுவிய நார்க் கற்றையையோ தொட்டியில் இட வேண்டும். பெரும்பாலும் விடியற்காலையில் ஆண் மீன்கள் பெண் மீனைத் துரத்த, அது முட்டைகளைச் சிதறுகிறது. பருமனுக்கும் வயதுக்கும் ஏற்ப ஒரு பெண் மீன் சில நூறு முதல் சில ஆயிரம் முட்டைகள் வரை இடும்.

முட்டையிட்டு முடிந்தவுடன் பெற்றோரை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடும். கருவுற்ற முட்டை ஒளி ஊடுருவும் இளமஞ்சள் நிறத்திலும், கருவுறாதது வெண்மையாகவும் இருக்கும். வெண்முட்டைகளில் பூசணம் பிடித்து நல்ல முட்டைகளுக்கும் பரவும். ஆகவே அவற்றை அவ்வப்போது அகற்றுதல் இன்றியமையாதது. வெப்பத்துக்கு ஏற்ப மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும்.

குஞ்சு வளர்ப்பும் கழித்தலும்

பொரித்த குஞ்சு முதல் இரண்டு நாள்கள் தன் மஞ்சட்கருப் பையையே உணவாகக் கொண்டு, பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீந்தத் தொடங்கியதும் அதற்கு உணவு தேவைப்படுகிறது. இந்த முதல் பத்து நாள்களே இத்தொழிலின் கண்டம். குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவுள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த பச்சை நீரை முதலிலும், சில நாள்களில் துணியில் வடிகட்டிய நீர்த்தெள்ளுகளையோ, ஆர்ட்டீமியா இளம் உயிர்களையோ கொடுக்க வேண்டும். வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்துத் துளித்துளியாக இடுவோரும் உண்டு. ஆனால் ஒரு துளி மிகுந்தாலும் நீர் கெட்டுவிடும். பட்டினியால் இறக்கும் குஞ்சுகளைவிட அழுகிய உணவால் இறப்பவை குறைவல்ல.

மூன்றாம் வாரத்திலிருந்து கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் கலந்த தூளுக்குப் பழக்கலாம். கொல்கத்தாவில் சாக்கடைகளிலிருந்து எடுக்கப்படும் டியூபிபெக்ஸ் புழு மலிவான உணவு. ஆயினும், நன்றாகக் கழுவாமல் இட்டால் நோயும் உடன் வரும். குளத்தில் தட்டான் பூச்சியின் இளம்புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். வலைப் போர்வை இட்டால் தட்டான் முட்டையிடுவதையும் மீன்கொத்தியின் வரவையும் ஒருங்கே தடுக்கலாம்.

குஞ்சுகள் பிறப்பில் பொன்னிறமாய் இருப்பதில்லை. மங்கிய பழுப்புப் பச்சையாக இருக்கும். இரண்டு, மூன்று மாதங்களில் நிறம் மாறத் தொடங்கும். சில மாறுவதே இல்லை. நான்காம் வாரத்திலேயே வாலையும் முதுகையும் பார்த்துக் குறையுள்ளவற்றைப் பிரித்துவிட வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருவோர் இவ்விடத்தில் தயங்குவர். தாம் காப்பாற்றிய உயிரைத் தாமே ஒதுக்க மனம் வராது. ஆனால் விலை போகாத மீனும் விலை போகும் மீனும் ஒரே அளவு உணவையும் பிராணவாயுவையும் இடத்தையும் பயன்படுத்துகின்றன. ஒற்றை வால் குஞ்சுகளைச் சாதாரணத் தங்க மீனாகக் குறைந்த விலைக்கு விற்கலாம். அவற்றைத் தரமானவற்றோடு சேர்த்து வளர்த்தால் இரண்டும் வளர்ச்சி குன்றும்.

நோயைப் பொறுத்தவரை, வெண்புள்ளி நோய், துடுப்பழுகல், மீன் பேன், நங்கூரப் புழு ஆகியன பொதுவானவை. தொடக்க நிலையில் உப்பு நீர்க் குளியலே பலவற்றுக்குத் துணையாகும். தங்க மீனைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வகை நச்சுயிர் நோய் இந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது, அதற்கு மருந்தில்லை. ஆகவே சந்தையிலிருந்து வாங்கிய எந்த மீனையும் இரண்டு, மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஒரு தொட்டியை இதற்கென வெறுமையாக வைத்திருப்பது வீண் செலவன்று. அது காப்புறுதிக் கட்டணம்.

ஒரு மாதிரிக் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கற்பித்துக்கொண்டவை. இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவன. கணக்கிடும் முறையையே மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒரு பெண் மீன் 3,000 முட்டைகள் இட்டதாகக் கொள்வோம். இவற்றுள் 60 விழுக்காடு பொரித்தால் 1,800 குஞ்சுகள். முதல் மாத முடிவில் இவற்றுள் 60 விழுக்காடு பிழைத்தால் 1,080. கழித்தலுக்குப் பின் 60 விழுக்காடு எஞ்சினால் ஏறத்தாழ 650. விற்பனை வரை 85 விழுக்காடு பிழைத்தால் ஏறத்தாழ 550 மீன்கள். மூவாயிரம் முட்டைகள் ஐந்நூற்றைம்பது மீன்களாக முடிகின்றன. முட்டையை எண்ணி வருவாயை மதிப்பிடும் திட்ட அறிக்கைகள் இங்கேதான் தவறுகின்றன.

மீன் ஒன்று 8 ரூபாய்க்கு விற்றால் வரவு 4,400 ரூபாய். உணவு, மின்சாரம், உப்பு, மருந்து, தாய் மீனின் தேய்மானம் ஆகியவற்றுக்கு 2,200 ரூபாய் செலவு எனில், எஞ்சுவது 2,200. நூறு நாள்கள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் உழைத்தால் 200 மணி நேரம். அதாவது மணிக்கு 11 ரூபாய். இது கூலியாகாது.

அதே பெண்மணி ஒரே காலத்தில் நான்கு தொகுதிகளை வளர்த்தால் என்ன ஆகும்? 2,200 மீன்கள், வரவு 17,600 ரூபாய், செலவு சற்றுச் சிக்கனமாக 8,000 ரூபாய், எஞ்சுவது 9,600. உழைப்போ நான்கு மடங்காவதில்லை. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எனக் கொண்டால் 300 மணி நேரம். மணிக்கு 32 ரூபாய் கிடைக்கிறது. அளவு பெருகும்போது ஓர் அலகுக்கான உழைப்பு குறைவதை இங்கே காண்கிறோம். இதுவும் பெரிய தொகையன்று. ஆனால் வீட்டு வேலைகளுக்கு இடையே ஈட்டப்படுவது என்பதால் அக்குடும்பத்துக்குப் பொருளுடையது.

இப்போது மூலதனத்தைச் சேர்ப்போம். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் வழிகாட்டு நெறிகள், புழக்கடை அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றுக்கு 3 இலட்சம் ரூபாய் மதிப்பீடு நிர்ணயித்தன. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் அரசு உதவி. ஆகவே ஒரு பெண் பயனாளியின் பங்கு 1,20,000 ரூபாய். இதனை அவர் பத்து விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்றதாகக் கொண்டால், முதலாண்டு வட்டி 12,000. பத்தாண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 12,000. மொத்தம் 24,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று சுற்றுகளில் அவர் ஈட்டுவது 28,800. எஞ்சுவது 4,800 ரூபாய் மட்டுமே.

மூன்று இலட்சம் ரூபாய்த் தொட்டிகளில் நான்கு தொகுதிகளை மட்டும் வளர்ப்பது, பேருந்தை வாங்கி நான்கு பயணிகளை ஏற்றுவதற்கு ஒப்பாகும். அதனினும் பெரிய அளவில் வளர்த்தாலன்றி முதல் மீளாது. ஆனால் பெரிய அளவில் வளர்க்கும் திறன் முதலாண்டில் எவருக்கும் வருவதில்லை. மாறாக, அதே நான்கு தொகுதிகளை 20,000 ரூபாய் சொந்த முதலில், இருக்கும் குளத்தையும் மண் தாழிகளையும் கொண்டு வளர்த்தால், ஐந்தாண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 4,000 ரூபாய், எஞ்சுவது 24,800. திறன் வளர்ந்த பின் முதலைப் பெருக்குவதே முறை. முதலைக் கொடுத்துவிட்டுத் திறனை எதிர்பார்ப்பது முறையன்று.

விலையும் திறனும்

மேற்கண்ட கடன் கணக்கில் விலையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மீன் 10 ரூபாய்க்கு விற்றால் ஆண்டு முடிவில் எஞ்சுவது 18,000 ரூபாய். விலை கால் பங்கு கூட, எஞ்சும் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 5 ரூபாய்க்கு இறங்கினால் 15,000 ரூபாய் இழப்பு. சிறு உற்பத்தியாளரின் வாழ்வு இந்த ஐந்து ரூபாய் இடைவெளிக்குள் ஊசலாடுகிறது.

விலையை நிர்ணயிப்பவர் அவரல்லர். மீன் விற்பனைக்குத் தகுதியான பின் ஒரு மாதம் வைத்திருந்தாலும் உணவுச் செலவு ஏறும், நெருக்கடியில் நோய் வரும். ஒரே பருவத்தில் ஊரார் அனைவரின் மீனும் சந்தைக்கு வருவதால் விலை சரியும். வணிகர் இதனை அறிவார். எனவே தனித்தனியே விற்பதைவிட, குழுவாகச் சேர்ந்து தரம் பிரித்து, பட்டினி போட்டு, பிராணவாயு நிரப்பிய பைகளில் அடைத்து அனுப்புவதே பேரம் பேசும் வலிமையைத் தரும். ஒடிசாவின் தேவ்கட் மாவட்டத்தில் பழங்குடி மக்கள் வாழும் லண்டிஜரி கிராமத்தில், புவனேசுவரம் அருகேயுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் வழிகாட்டுதலுடன் வீடுதோறும் சிமெண்டுத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்ப்பு தொடங்கப்பட்டது. அங்கு முதலில் கொடுக்கப்பட்டவை தங்க மீன்களல்ல. கப்பி, மோலி போன்ற, குஞ்சுகளையே ஈனும் எளிய வகைகள். கற்போருக்கு ஏற்ற வரிசைமுறை அதுவே.

விலைக்கு மாறாக, திறன் வளர்ப்போரின் கையில் உள்ளது. முதல் மாதப் பிழைப்பு விழுக்காட்டை 60-லிருந்து 75-ஆக உயர்த்தினால், நான்கு தொகுதிகளில் ஏறத்தாழ 2,750 மீன்கள் கிடைக்கும். 8 ரூபாய் விலையிலேயே வரவு 22,000. செலவு 8,800-ஆக உயர்ந்தாலும் எஞ்சுவது 13,200. மூன்று சுற்றுகளில் 39,600; கடன் சுமை போக 15,600 ரூபாய். விலை இரண்டு ரூபாய் ஏறுவதால் கிடைப்பதற்கு ஏறத்தாழ நிகரான பயனை, முதல் பத்து நாள்களின் கவனம் அளிக்கிறது. பயிற்சிக்குச் செலவிடும் ரூபாயின் மதிப்பு இதுதான்.

குளத்தின் கரைக்கு அப்பால்

இக்கணக்குகளில் வராத செலவு ஒன்று உண்டு. தங்க மீன் அயல்நாட்டு மீன். ஆற்றிலோ ஏரியிலோ விடப்பட்டால் அது சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். நீர்த்தாவரங்களையும் பிற மீன்களின் முட்டைகளையும் தின்னும். ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் அவ்வாறு விடப்பட்டவை நீர்நிலைகளில் நிலைபெற்றுத் தொல்லையாகியுள்ளன. நம் நாட்டிலும் எச்சரிக்கை கண்முன் நிற்கிறது. அலங்கார மீனாகக் கொண்டுவரப்பட்ட, கவசம் போன்ற உடலுடைய உறிஞ்சுவாய்க் கெளுத்தி, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில் பரவி, உணவு மீன் வளர்ப்போரின் வலைகளைக் கிழித்து, வருவாயைக் குறைத்துள்ளது. ஒருவரின் தொட்டியிலிருந்து தப்பிய மீனுக்கு மற்றொருவர் விலை கொடுக்கிறார். பொருளியலில் இதனைப் புறச் செலவு என்கிறோம்.

ஆகவே வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் தங்க மீன் குளம் அமைக்க உதவி அளித்தல் கூடாது. வடிகால் வாயில் வலை கட்டாயம். கழித்த குஞ்சுகளை வாய்க்காலில் விடுவது இரக்கமன்று என்பதைப் பயிற்சியிலேயே சொல்ல வேண்டும்.

அலுவலர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காக நான் சென்ற ஓர் ஊரில், உதவித்தொகையில் கட்டப்பட்ட தொட்டிகளைக் காண விரும்பினேன். தொட்டிகள் இருந்தன, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் விறகு. மூன்றாவதில் மழைநீர் தேங்கிக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அவ்வீட்டுப் பெண்மணி சினமின்றிச் சொன்னார்: “தொட்டி கட்டுறதுக்கு அஞ்சு தடவை வந்து பார்த்தாங்க. மீன் செத்தப்போ யாரும் வரலை.” உடன் வந்த அலுவலர் அதனை எனக்கு மொழிபெயர்க்கத் தயங்கினார், இருமுறை கேட்ட பின்னரே கூறினார். அந்த ஆண்டின் முன்னேற்ற அறிக்கையில், கட்டி முடிக்கப்பட்ட அலகுகளின் எண்ணிக்கை இலக்கை எட்டியதெனப் பதிவாகியிருந்தது. அவ்வறிக்கையில் என் கையொப்பமும் உண்டு. பொய்யான எண் எதுவும் அதில் இல்லை. எண்ண வேண்டியதை எண்ணவில்லை, அவ்வளவே. அப்பெண்மணியின் கடன் தவணைகளோ தொட்டியோடு சேர்ந்து வறண்டுவிடவில்லை.

எனவே இத்தகைய விண்ணப்பம் மேசைக்கு வரும்போது அலுவலர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். விண்ணப்பித்தவர் ஒரு பருவமாவது சிறு அளவில் மீன் வளர்த்துள்ளாரா? கோடையிலும் நல்ல நீர் கிடைக்குமா? முதல் பத்து நாள்களுக்கான உயிர் உணவு எங்கிருந்து வரும்? எட்டும் தொலைவில் வாங்குவோர் எத்தனை பேர்? ஒருவரே எனில் விலையை அவரே முடிவு செய்வார். முதல் தொகுதி இறந்துபோனால் இரண்டாம் தொகுதிக்கு நடைமுறை மூலதனம் உண்டா? நோய் கண்டால் யாரை அழைப்பது, அவர் எத்தனை நாளில் வருவார்? இவற்றுக்கு விடை கிடைத்த பின் தொட்டியின் நீள அகலத்தைப் பார்த்தால் போதும்.

முன்னேற்ற அறிக்கையிலும் ஒரு சிறு மாற்றம் தேவை. கட்டப்பட்ட அலகுகள் என்ற பத்தியை அடுத்து, இரண்டாம் ஆண்டில் மீன் உள்ள அலகுகள் என மற்றொரு பத்தியைச் சேர்க்கலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. ஊருக்கு மீண்டும் ஒருமுறை சென்று தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவே. அங்கே பொன்னிறம் தெரிந்தால் திட்டம் வென்றது. வைக்கோல் தெரிந்தால், அதற்கான காரணத்தை அவ்வீட்டாரிடமே கேட்டு எழுதி வர வேண்டும். அடுத்த திட்டத்துக்கு அதனினும் பயனுள்ள ஆவணம் வேறில்லை.